அந்த அரை மணித்தியாலம்

கேள்வி:

ஐயா, நாங்கள் திருகோணமலை பாலையூற்றில இருக்கிறம். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பொடியன் மட்டக்களப்பு, இப்ப கனடாவில. எங்கட சாத்திரியார் ரெண்டு குறிப்பையும் பார்த்திட்டு, "நட்சத்திரப் பொருத்தம் நல்லம், ஆனா பிள்ளைக்கு ஏழில செவ்வாய், பொடியனுக்கு இல்லை, யோசிச்சுச் செய்யுங்கோ" எண்டு சொல்லிப்போட்டார். மூத்த மகன் கொழும்பில ஐ.டி. வேலை. சாத்திரமே பொய் எண்டு கதைக்கிறவன். அவனே போனில ஒரு செயலியில தங்கச்சியின்ர விபரத்தைப் போட்டு, "செவ்வாய்க் குற்றமே இல்லை, லக்கினமே வேற" எண்டு காட்டுறான். பிறகு ஏ.ஐ.யிட்ட கேட்டான். அது காலையில ஒண்டு சொல்லிச்சு, பின்னேரம் வேறொண்டு சொல்லிச்சு. என்ர மனுசன், "கணக்கில மெசின் பிழைக்காது, சாத்திரியாருக்கு வயது போட்டுது" எண்டுறார். எனக்குச் சாத்திரியாரைத் தள்ள மனமில்லை. மகள் 2003 செப்டம்பர் 19, விடிய 6.10க்குத் திருகோணமலை ஆஸ்பத்திரியில பிறந்தவ. அவ ஒண்டும் கதைக்கிறா இல்லை. யாரை நம்பிறது? பத்திரகாளி அம்மன் கோயிலில பூக்கட்டிப் பார்ப்பம் எண்டால் மகன் சிரிக்கிறான். அதுவும் மூடநம்பிக்கையோ? அவ்வளவு தூரம் பிள்ளையை அனுப்பிப்போட்டு நான் என்னெண்டு இருக்கிறது எண்டும் யோசனையா இருக்கு.

— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சாத்திரம் படித்தவன் இல்லை. முப்பத்திரண்டு வருடம் தொலைத்தொடர்பில் பொறியியலாளராக இருந்தவன். ஊர் ஊராக இருக்கும் தொலைபேசி நிலையங்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பதும் என் வேலையில் அடக்கம். அதனால் உங்கள் கடிதத்தில் செவ்வாய்க்கு முதல் என் கண்ணில் பட்டது 2003 என்ற வருடமும் 6.10 என்ற நேரமும்தான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது மே மாதம் 25ஆம் திகதி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். கிறீன்விச்சை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தி இருந்த நாம் ஆறரைக்குப் போனோம். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து ஆறில் நிறுத்தினார்கள். 2006 ஏப்ரல் 15இல் சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு பழையபடி ஐந்தரைக்கு வந்தோம். அந்தப் பத்து வருடமும் நம் மாவட்டத்தில் நேரம் கேட்டவனிடம் "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு ஒரு நேரம், ரவுணில் பிறந்த பிள்ளைக்கு ஒரு நேரம். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் குறிப்பை இன்று ஒருவர் கையில் எடுத்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

உங்கள் மகள் ரவுண் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். சுவரில் இருந்த கடிகாரம் காட்டியது புதிய நேரம். அதாவது அந்த 6.10 இன்றைய கணக்கில் 5.40. செயலியில் பிறந்த இடத்துக்குக் கீழே நேர வலயம் என்று ஒரு பெட்டி இருக்கும். இலங்கை என்றதும் 5.30 என்று தானே வந்து நிற்கும், அல்லது மகன் இன்றைய வழக்கப்படி அதைப் போட்டிருப்பார். உலகக் கணினிகள் பொதுவில் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் "ஆசியா/கொழும்பு" என்ற பெயரின் கீழ் நான் மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அதைக் கலந்து பார்க்கும்படி எழுதிய செயலி சரியாகச் சொல்லும். மற்றவை அரை மணித்தியாலம் பிழைக்கும்.

அரை மணித்தியாலம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். லக்கினம் என்பது பிறந்த கணத்தில் கீழ்வானத்தில் எழுந்துகொண்டிருக்கும் ராசி. பன்னிரண்டு ராசியும் ஒரு நாளில் எழுந்து முடிய வேண்டும், ஆகவே ஒரு ராசிக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். மகள் பிறந்தது புரட்டாதி பிறந்த கையோடு. சூரியன் கன்னிக்குள் கால் வைத்து இரண்டு பாகை கூட ஆகவில்லை. சூரியன் எழும் கணத்தில் சூரியன் நிற்கும் ராசிதான் லக்கினம். இப்படிச் சூரியன் ராசியின் தொடக்கத்தில் நிற்கும் நாளில், அதற்குச் சற்று முன் பிறந்தால் அதற்கு முந்திய ராசி. அந்தக் கிழமை திருகோணமலையில் பொழுது கிளம்பியது அன்றைய கடிகாரத்தில் 6.25 அளவில். பிள்ளை 6.10க்குப் பிறந்திருந்தால் பொழுது கிளம்பக் கால் மணித்தியாலம் இருக்கிறது, லக்கினம் சிம்மம். செயலியோ அதை இன்றைய 6.10 என்று எடுத்தது. இன்றைய கடிகாரத்தில் அந்த நாட்களில் 5.55க்கே சூரியன் மேலே வந்துவிடும். ஆகவே அதற்குக் கன்னி.

செவ்வாய் அப்போது கும்பத்தில். சிம்மத்திலிருந்து எண்ணினால் ஏழு, கன்னியிலிருந்து எண்ணினால் ஆறு. ஏழு குற்றம், ஆறு குற்றமில்லை. வீட்டில் நடக்கும் சண்டை முழுதும் இந்த ஒரு வீட்டுக்குள்தான் இருக்கிறது. மகனிடம் சொல்லி அந்தப் பெட்டியில் 5.30ஐ அழித்து 6.00 என்று போடச் சொல்லுங்கள். செயலியும் சாத்திரியாரும் ஒரே வாய் பேசுவார்கள். நட்சத்திரப் பொருத்தத்தில் சண்டை வராததற்கும் காரணம் இருக்கிறது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஒரு நாள் அளவு எடுக்கும். அரை மணித்தியாலத்தில் அது அசைவது கொஞ்சம்.

நீங்களே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. பிள்ளையைக் கையில் தந்தபோது வெளியே வெயில் விழுந்திருந்ததா, இன்னும் லைட் எரிந்துகொண்டிருந்ததா? உங்கள் தாயோ தமக்கையோ அன்று கூட நின்றிருந்தால் அவர்களிடம் கேளுங்கள். இந்த விஷயத்தில் அவர்களின் ஞாபகம் எந்தச் செயலியையும் விடப் பெறுமதியானது.

ஆகவே உங்கள் கணவருக்கு நான் சொல்வது இது. கணக்கில் மெசின் பிழைக்கவில்லை. கொடுத்த நேரத்துக்குச் சரியான விடை தந்தது. கொடுத்த நேரம்தான் பிழை. வயது போன அந்தச் சாத்திரியார் அரை மணித்தியாலத்தைக் கழித்துத்தான் குறிப்பு எழுதியிருக்கிறார். பத்து வருடமும் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைச் செய்திருப்பார். கைவேலை தெரிந்த மனிதர். அவரை வயதைச் சொல்லித் தள்ளுவது நியாயமில்லை.

இனி ஏ.ஐ. இது வேறு சாமான். செயலி ஒரு வாய்ப்பாட்டை வைத்துக் கணக்குப் போடுகிறது. அரட்டையடிக்கும் ஏ.ஐ., தனியே கணக்குக் கருவி ஒன்றைத் துணைக்கு எடுத்தாலொழிய, கிரகம் எங்கே நின்றது என்று பார்ப்பதே இல்லை. மனிதர் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கற்றிருக்கிறது. அந்தச் சாத்தியங்களிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பொறுக்கிக் கோக்கிறது. அதனால்தான் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கேட்பவரின் தொனிக்கும் அது வளைந்து கொடுக்கும். "குற்றம் இருக்குத்தானே?" என்று கேட்டால் இருக்கு என்ற பக்கம் சாயும். நான் இந்தத் தொழில்நுட்பத்தை மதிக்கிறேன். மருந்துத் துண்டில் உள்ள ஆங்கிலத்தை வாசித்து விளங்கிக்கொள்ள, கந்தோருக்குக் கடிதம் எழுத, நான் தினமும் பாவிக்கிறேன். ஆனால் அது பேசும் தமிழ் திருத்தமாக இருக்கிறதே என்பதற்காகச் சொல்லும் விஷயமும் திருத்தமாக இருக்கும் என்று எடுக்கக்கூடாது.

உங்கள் மகன் நல்ல பிள்ளை என்று கடிதத்திலேயே தெரிகிறது. தங்கச்சிக்காகத்தான் இவ்வளவு மினக்கெட்டிருக்கிறார். அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை. சாத்திரியாரிடம் "உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறவர், போனிடம் அதைக் கேட்கவில்லை. எந்த நேர வலயம், எந்தப் பஞ்சாங்கம், திருக்கணிதமா வாக்கியமா? இரண்டுக்கும் கணக்கு வேறு. சனி மீனத்துக்குப் போனதைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது, வாக்கியம் 2026 மார்ச் 6 என்றது. ஏறத்தாழ ஒரு வருட இடைவெளி. செயலியை எழுதியவர் இதில் ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கிறார். யார் என்று நமக்குத் தெரியாது. சாத்திரியாராவது முற்றத்தில் வந்து உட்காருவார், மறுத்துக் கேட்கலாம்.

செவ்வாயைப் பற்றியும் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் அந்தச் செவ்வாயை நான் கண்ணால் கண்டவன். 2003 ஓகஸ்ட் 27இல் செவ்வாய் பூமிக்கு 5 கோடியே 58 இலட்சம் கிலோமீற்றர் வரை கிட்ட வந்தது. ஏறத்தாழ அறுபதாயிரம் வருடத்தில் அவ்வளவு கிட்ட வந்ததில்லை. சமாதானம் பேசிய காலம், இரவில் உப்புவெளிக் கடற்கரையில் பயமில்லாமல் நிற்கக் கிடைத்த காலம். கடலுக்கு மேல் செக்கச் சிவந்து நின்றது. என் பிள்ளைகள் இருவரையும் தோளோடு அணைத்துக் காட்டினேன். வழக்கத்தில் ஒரு ராசியில் ஒன்றரை மாதம் நிற்கும் செவ்வாய் அந்த வருடம் யூன் தொடக்கம் டிசம்பர் தொடக்கம் வரை கும்பத்திலேயே நின்றது. உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி செவ்வாயை முந்திச் செல்லும்போது அது பின்னே போவதுபோல் தெரியும். அதைத்தான் வக்கிரம் என்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் சிம்ம லக்கினத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழில் செவ்வாய்தான்.

இன்னுமொரு சின்னக் கணக்கு. லக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12 என்ற இந்த ஐந்து வீட்டில் செவ்வாய் நின்றால் குற்றம். பன்னிரண்டில் ஐந்து. உங்கள் ஒழுங்கையில் கலியாணம் முடித்துப் பேரப்பிள்ளை கண்டவர்களை எண்ணிப் பாருங்கள், ஏறத்தாழப் பாதிப் பேரின் குறிப்பில் இது இருக்கும். அதோடு, செவ்வாய் சிம்மத்திலோ கும்பத்திலோ நின்றால் குற்றமில்லை என்று விலக்குச் சொல்லும் சாத்திரிமாரும் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சாத்திரியார் எந்தப் பக்கம் என்று அவரிடமே போய்க் கேளுங்கள். "யோசிச்சுச் செய்யுங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறார், "செய்யாதேங்கோ" என்று சொல்லவில்லை. நீங்கள் அதை எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கணவர் சாத்திரத்தை நம்புகிறவர். ஆனால் இந்தத் தடவை செயலிப் பக்கம் நிற்கிறார். அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் சாத்திரியார் பக்கம் நிற்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். அவ்வளவு தூரம் பிள்ளையை அனுப்ப மனம் வரவில்லை. அது பிழையான எண்ணமே இல்லை, தாய்க்கு வராத எண்ணமா? ஆனால் அந்தப் பாரத்தைச் செவ்வாயின் தலையில் வைத்துவிடாதீர்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

என் தங்கச்சிக்கு எண்பதுகளில் ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பொடியன், ஆசிரியர். அப்பாவுக்கு அந்தக் குடும்பத்தின் ஊர் பிடிக்கவில்லை. குறிப்புப் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கச்சியும் தன் குறிப்பில்தான் ஏதோ கோளாறு என்று நம்பினாள். அடுத்து இரண்டு மூன்று வந்தபோது அவளே பின்னுக்கு நின்றாள். அப்பா காலமான பிறகு பெட்டியைத் துப்புரவாக்கும்போது சாத்திரியார் எழுதித் தந்த துண்டு கிடைத்தது. "உத்தமம்" என்று எழுதியிருந்தது. தங்கச்சி அதை வாசித்துவிட்டு மடித்து என் கையில் தந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, தனியே இருக்கிறாள். அவளிடம் அன்று ஒருவரும், நான் உட்பட, "உனக்கு விருப்பமா?" என்று கேட்கவில்லை. அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, மகன் சொன்னது, சாத்திரியார் சொன்னது, மெசின் இரண்டு நேரமும் சொன்னது எல்லாம் இருக்கிறது. மகளைப் பற்றி "ஒண்டும் கதைக்கிறா இல்லை" என்பது மட்டும். இருபது வயது கடந்த பிள்ளை. நாலு பேர் வட்டமாக நின்று அவளுடைய வீட்டுக் கணக்கை எண்ணும்போது எப்படிக் கதைப்பாள்? ஒரு பின்னேரம் இரண்டு பேரும் தனியே கடற்கரைக்கோ கோணேசர் கோயிலுக்கோ நடந்து போங்கள். பொடியனோடு பேசினாளா, பேச விருப்பமா, வெளிநாடு போக மனமிருக்கிறதா, படித்ததை வைத்து இங்கேயே வேலை பார்க்க நினைக்கிறாளா என்று கேளுங்கள். "நீ போனா எனக்குத் தாங்காது" என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவளுக்கும் அது தெரிய வேண்டும்.

கோணேசர் கோயில் என்றதும் உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டிய ஒரு கதை நினைவுக்கு வருகிறது. செய்மதியை நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36 ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுதும் பேசலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். என் தொழிலில் இருந்த எங்களுக்கெல்லாம் பெரிய பெயர். அவர் 1956இல் இலங்கையில் குடியேறினார். அதே வருடம் நண்பர் மைக் வில்சனோடு நம் சுவாமி மலையடியில் கடலுக்குள் சுழியோடினார். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் செதுக்கிய தூண்கள் அங்கே கிடந்தன. கடலடியிலிருந்து வில்சன் கண்டெடுத்த லிங்கம்தான் இன்று கோயிலில் இருக்கிறது. கிளார்க் கடைசிவரை எந்தச் சமயத்தையும் ஏற்கவில்லை. 2008இல் காலமானபோது தன் இறுதிக் கிரியையில் எந்தச் சமயச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். இருவரும் இறங்கியது ஒரே கடலில், தொட்டது ஒரே கல்லை. கல்லை ஆராய்ந்து ஒருவரை ஒருவர் வெல்ல அவர்கள் முயன்றதாக நான் அறியவில்லை. உங்கள் வீட்டில் தகப்பனும் மகனும் சாப்பாட்டு மேசையில் அதைத்தான் முயல்கிறார்கள் போலிருக்கிறது. லக்கினம் எது என்பது கணக்கு, அதற்கு ஒரு விடைதான். செவ்வாய் ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஆளுமா என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அது உள்ள என் மனைவியோடு முப்பத்தைந்து வருடம் சந்தோஷமாக இருக்கிறேன்.

ஒரு முக்கியமான வேலை. மகளின் முழுப்பெயர், பிறந்த திகதி, நேரம், இடம் எல்லாம் அந்தச் செயலிக்குள் போய்விட்டன. நம் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் ஏழும் பிறந்த வருடமும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும்தான். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். அதாவது பிறந்த திகதி தெரிந்தவனுக்குப் பாதிக்கு மேல் தெரிந்த மாதிரி. வங்கியிலோ போன் கடையிலோ ஆளை உறுதிப்படுத்தக் கேட்பதும் அதே விபரங்கள்தான். மகனிடம் சொல்லி அந்தச் செயலியில் திறந்த பயனர் கணக்கை அழிக்கச் சொல்லுங்கள். செயலியைப் போனிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, உள்ளே போய்க் கணக்கையே அழிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் எங்கோ வேறு நாட்டில் இருக்கும் செயலிக்காரனைத் தேடிப் பிடிப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது சுகம். இனிமேல் பார்ப்பதானால் பெயர் போடாமல் பாருங்கள். லக்கினம் கணிக்கப் பெயர் தேவையே இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பதைக் கேட்டிருந்தீர்கள். என் அம்மாவும் பத்திரகாளி அம்மன் வாசலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவுமாக வெற்றிலையில் மடித்து வைத்துக் கண்ணை மூடி நின்றவ. நான் பல்கலைக்கழகம் போகும் முன்னும் நின்றா, வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று திரும்பி வந்தபோதும் நின்றா. அவவுக்கு அதில் மனம் ஆறியது. அதை மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் மகனும் சிரிக்க வேண்டாம். போங்கள். ஆனால் மகளோடு கதைத்த பிறகு போங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கேள்விக்குப் பூ மடிக்கிறீர்கள் என்பதை அவள் வாயால் சொல்லட்டும். "வேண்டாம் அம்மா, எனக்கு விடை தெரியும்" என்று அவள் சொன்னால், பூவை அம்மனுக்குச் சாத்திவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள்.